எமலிங்கத்துக் கணக்குப்பிள்ளை

எங்கள் தலைமையாசிரியர் வேலூருக்குப் பயிற்சிக்குப் போகாமல் இருந்திருந்தால் எனக்கு இந்தத் தலைவலியே வந்திருக்காது. எழுபதுகளின் கடைசி அது. ஒரு வாரம் போய்விட்டு வந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது 'குழுக் கற்பித்தல்' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வகுப்பைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, தனித்தனியாக உட்காரவைத்து, எழுத்தும் சொல்லும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுவார்களாம். யோசனை நல்லதுதான். அதைச் செய்ய வேண்டியவள் நான் என்பதுதான் அதிலிருந்த ஒரே கோளாறு.

திருவண்ணாமலையில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அரசு உதவி பெறும் பள்ளி. அந்த ஜூன் மாதம்தான் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மூன்றாம் வகுப்பு. ஐம்பது பிள்ளைகளுக்கு மேல். அதில் பாதிப் பேர் வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று சொல்லி, சொன்னபடியே எழுதி, எழுதியதற்கு மார்க்கும் கேட்கிறவர்கள்.

எட்டுக் குழு என்று முடிவாயிற்று. குழுக்களுக்குப் பெயர் வேண்டும். மற்ற ஊராக இருந்தால் ரோஜா, மல்லிகை என்று வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். திருவண்ணாமலைக்காரருக்கு எட்டு என்றால் வேறு என்ன ஞாபகம் வரும்? மலையைச் சுற்றுகிற பாதையில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள் இருக்கின்றன அல்லவா, அந்தப் பெயர்களை அப்படியே வைத்துவிட்டார் தலைமையாசிரியர். இந்திரலிங்கம், அக்னிலிங்கம், எமலிங்கம், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். எங்கள் ஹாலில் எட்டுத் தூண்கள் இருந்தது அவருக்கு ஆண்டவன் கட்டளையாகவே தெரிந்தது. பெயிண்டரைக் கூப்பிட்டுச் சிவப்பு எழுத்தில் எட்டு அட்டை எழுதித் தூணுக்கு ஒன்றாக மாட்டினார். நடுவில் என் மேசை, நாற்காலி, நான். சுற்றிலும் லிங்கங்கள் இருந்தால் நடுவில் இருப்பது என்ன? நான் அப்போதே கொஞ்சம் பூசின உடம்பு. ஒரே வாரத்தில் எனக்கு 'மலை டீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டது. எந்தப் பிள்ளை வைத்ததென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

"எல்லா லிங்கமும் சமம்" என்று காலைப் பிரார்த்தனையில் அறிவித்தார் தலைமையாசிரியர். மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் ஊரே நின்றது. லாட்ஜ் முதலாளி, மளிகைக்கடைக்காரர், மண்டிக்காரர், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எல்லோருக்கும் தங்கள் பிள்ளை குபேரலிங்கத்தில் உட்கார வேண்டும். ஒரு அம்மாள் தேங்காய், பழம், வெற்றிலைப்பாக்கோடு வந்து, "நல்ல நேரம் பாத்து உக்கார வெய்ங்க டீச்சர்" என்றாள். குபேரன் நிரம்பியது. பிறகு இந்திரன், ஈசானியம் என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தார்கள். எமனை யாரும் கேட்கவில்லை. யாருடைய அப்பா அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் வந்து கேட்க நேரமில்லையோ, அந்தப் பிள்ளைகள் எமலிங்கத்தூணுக்கு வந்து சேர்ந்தன. அவர்களுக்குத்தான் எழுத்தும் தகராறு. கேட்பாரில்லாத பிள்ளைக்கு எமன்தான் கதி என்று ஆகிவிட்டது.

இதில் தலைமையாசிரியர் இன்னொரு விதியும் போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் டிக்டேஷன். பத்து வார்த்தையில் எட்டு சரியாக எழுதினால் அடுத்த லிங்கத்துக்கு நகரலாம். எமனில் தொடங்கி, மலை சுற்றுகிற அதே திசையில் போய், அக்னியில் முடிக்க வேண்டும். அக்னிக்கு அடுத்த தூண் மறுபடியும் எமன். ஆகவே வகுப்பின் படுசுட்டிகளும் படுமக்குகளும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரும்படி ஆயிற்று. இதைச் சொன்னபோது அவர், "வட்டம்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். குபேரலிங்கத்தில் வேறு வேடிக்கை. எட்டு வாங்கின பிள்ளையை ஈசானியத்துக்கு மாற்றினால் அப்பா ஓடிவந்துவிடுவார். "படிப்பு கம்மியா இருந்தா பரவால்ல டீச்சர், குபேரன்லயே இருக்கட்டும்."

எமலிங்கத்துப் பிள்ளைகளை மற்றவர்கள் தொட்டுவிட்டு "அவுட்டு! செத்த!" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். முதல் வாரம் எமலிங்கம் முழுக்க அழுகை. இரண்டாம் வாரம் அங்கே ஒரு பையன் கரியால் மீசை வரைந்துகொண்டு வந்தான். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தவரின் பிள்ளை. கன்னம் உப்பலாக, குரல் பெருசாக இருப்பான். தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "நான்தாண்டா எமன். எவனாச்சும் கிட்ட வந்தா உசுர எடுத்துருவேன்" என்றான். அன்றோடு தொட்டுவிட்டு ஓடுவது நின்றது. குபேரலிங்கத்துக்காரர்கள் தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட அந்தத் தூணைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஓசியில் கிடைத்ததை விடுவேனா? பாடப்புத்தகத்தில் இருந்த வார்த்தைகள் பூங்கா, நீரூற்று, ஊஞ்சல். எங்கள் ஊரில் பூங்காவும் கிடையாது, நீரூற்றும் கிடையாது. எமனுடைய சபையில் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. எருமை, பாசக்கயிறு, கொப்பரை, குற்றம், தீர்ப்பு, மன்னிப்பு. சோப்பு டப்பா அட்டைகளை வெட்டி, ஒன்றுக்கு ஒரு வார்த்தையாக எழுதிக் கொடுத்தேன். குற்றவாளி எமன் முன்னால் வந்து நிற்க வேண்டும். எமன் அட்டையைப் பார்த்து வார்த்தையைச் சொல்வான். குற்றவாளி அதைச் சிலேட்டில் எழுதி, அர்த்தமும் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் விடுதலை. தப்பென்றால் எண்ணெய்க் கொப்பரை, அதாவது என் மேசைக்கடியில் மூன்று நிமிஷம். மொத்தம் பத்து வார்த்தை சரியாக எழுதினவர்களுக்கு எமனிடம் ஒரு வரம். இந்த வரம் என்னுடைய யோசனை இல்லை, எமனே சேர்த்துக்கொண்டது. பிள்ளைகள் பஞ்சு மிட்டாய் கேட்பார்கள், லீவு கேட்பார்கள், எமனும் தாராளமாக "தந்தேன்" என்பான். வாயால் கொடுக்கிற வரத்துக்கு என்ன செலவு?

எமனுக்கு ஒரு குறை. அவனுக்கே எழுத்து வராது. அட்டையில் இருப்பதையே தப்பாகப் படிப்பான். ஆகவே சரி தப்பு பார்த்துச் சொல்ல ஒரு கணக்குப்பிள்ளை தேவைப்பட்டது. அதே குழுவில் ஒரு பெண் இருந்தாள். மெலிந்த உடம்பு, வாயைத் திறக்காதவள். அவள் சிலேட்டைப் பார்த்துவிட்டு, "றகரத்துக்கு மேல புள்ளி வெக்கல" என்பாள். "ழகரத்த ளகரமா போட்டுட்ட" என்பாள். ஒரு நாளும் அவள் சொன்னது தப்பாக இருந்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை டிக்டேஷனில் அவளுக்கு இரண்டு, மூன்றுதான் வரும். பயமாக இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எது புரியாவிட்டாலும் பயம் என்று சொல்லிவிடலாம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அவளுடைய அப்பா வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கும் லாட்ஜுக்கும் ஜட்கா ஓட்டுகிறவர். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கையில் சாட்டையோடு உள்ளே வந்து நின்றார். அடிக்க வந்திருக்கிறாரோ என்று நினைத்துவிட்டேன். அவர் அடிக்கவில்லை. தூணில் இருந்த அட்டையைக் காட்டி, "அது எமன்னுதானே எழுதிருக்குது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"டீச்சர், போன வருஷம் காச்சல்ல எம் மூத்த புள்ள போயிட்டான். இதே இஸ்கூல்லதான் படிச்சான். ஒருத்தன எமனுக்குக் குடுத்துட்டேன். இவளையும் நீங்களே இட்டுகினு போயி அவங்கிட்ட உக்கார வெச்சிருக்கீங்களே."

எனக்கு வாய் ஜாஸ்தி. எமனையே காலால் உதைத்த சாமி குடியிருக்கிற ஊரில் இருந்துகொண்டு எமனுக்குப் பயப்படுகிறீர்களா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. 

"தீபத்துக்குள்ள வேற எடத்துக்கு மாத்திடுங்க. இல்லன்னா இஸ்கூலே வேணாம். ஊட்ல இருக்கட்டும். குதிரைக்குப் புல்லு அறுக்கட்டும், உசுரோட இருந்தா போதும்" என்றார். மிரட்டலாக இல்லை, கெஞ்சலாக இருந்தது. மிரட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அந்த மனிதர் சொன்னதைச் செய்துவிடுவார் என்று தெரிந்தது. வகுப்பிலேயே நன்றாக எழுத்துத் தெரிந்த பெண்ணைப் புல் அறுக்க அனுப்பப்போகிறோமே என்று எனக்குப் பதறியது.

தலைமையாசிரியரிடம் போனேன். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"சிபாரிசுல மாத்தினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்மா."

"ஜூன் மாசம் ஊரே வந்துதானே சார் நின்னுச்சு? அப்ப குபேரன்ல போட்டீங்களே?"

அவர் டம்ளருக்குள் பார்த்தார்.

"சரி சார், பேரையாவது மாத்துங்க. எமலிங்கத்துக்குப் பதிலா தெற்குலிங்கம்னு எழுதிடலாம்."

"போர்டு எழுதியாச்சேம்மா. இன்ஸ்பெக்டர் வேற வரப்போறாரு. அவ எட்டு வாங்கட்டும், தானா நகந்துடுவா" என்றார்.

எட்டு வாங்க வேண்டியவள் தினமும் மற்றவர்களுக்குப் புள்ளி வைத்துக்கொடுக்கிறவள். இதென்ன பெரிய காரியம் என்று அந்த வாரம் முழுக்க அவளை மேசை பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொன்னேன். முத்து முத்தாக எழுதினாள். வெள்ளிக்கிழமை மூன்று. அடுத்த வாரம் இன்னும் கவனமாகச் சொல்லிக்கொடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு. கார்த்திகை தீபத்துக்குக் கோயிலில் கொடியேற்றியாகிவிட்டது. தெருவெல்லாம் கடை முளைத்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் பாக்கி.

புதன்கிழமை ஒரு பயிற்சி டிக்டேஷன் வைத்தேன். இந்த முறை என் கண் அவள் சிலேட்டிலேயே இருந்தது. 'குற்றம்' என்றேன். சரியாக எழுதினாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்தாள். விரலில் எச்சில் தொட்டு, ஒரு றகரத்தைத் துடைத்தாள். அடுத்த வார்த்தையையும் அப்படியே எழுதி, அப்படியே கெடுத்தாள். என் கண்ணால் பார்த்துவிட்டு என்னாலேயே நம்ப முடியவில்லை. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால் தரையைப் பார்க்கிறாள். நைசாகக் கேட்டேன், அதட்டிக் கேட்டேன், வேர்க்கடலை உருண்டைகூட வாங்கிக்கொடுத்தேன். உருண்டையைத் தின்றாள், பதில் வரவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எமன் என் மேசைக்கு வந்தான். மீசை பாதி அழிந்திருந்தது.

"டீச்சர், நான் இனிமே எமனா இருக்க மாட்டேன்."

"ஏண்டா? எருமை வேணுமா?"

"அவ வரம் கேக்குறா டீச்சர்."

"யாரு, கணக்குப்பிள்ளையா? பத்து வார்த்தை எழுதிட்டாளா?"

"எப்பவோ எழுதிட்டா. நான்தான் எமன் இன்னிக்கி லீவு, எமனுக்கு வயித்து வலின்னு சொல்லிக்கினே இருக்கேன்."

"குடுத்துட்டுப் போயேண்டா. எல்லாருக்கும் குடுக்கறதானே."

"அவங்க அண்ணன அனுப்பச் சொல்றா டீச்சர்."

பிரித்த சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டேன்.

"வேணும்னேதான் தப்புத் தப்பா எழுதறா. இந்தத் தூண விட்டுப் போயிட்டா வரம் கெடைக்காதாம். நான் எங்கேருந்து டீச்சர் அனுப்பறது? எனக்கு அவன தெரியவே தெரியாது" என்று சொல்லிவிட்டு, எமன் தேம்பித் தேம்பி அழுதான். கரியும் கண்ணீரும் சேர்ந்து மூஞ்சியெல்லாம் வழிந்தது.

முந்தானையால் துடைத்துவிட்டு, "நீ போய்ச் சாப்புடு, நான் அவகிட்ட பேசிக்கறேன்" என்றேன். பேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர என்ன பேசுவதென்று தெரியவில்லை. அண்ணனை எமன் கொண்டுபோய்விட்டான் என்று வீட்டிலும் தெருவிலும் ஒரு வருடமாகச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலோ எமன் என்று போர்டு போட்டு, மீசை வைத்து ஒருவனையும் உட்காரவைத்து, கேட்டதெல்லாம் தருவான் என்றும் சொல்லிவிட்டோம். அவள் வேறு யாரிடம் போய்க் கேட்பாள்?  அந்த நேரத்தில் என் கையில் கிடைத்திருந்தால் வேலூர்ப் பயிற்சியாளரின் உயிரை நானே எடுத்திருப்பேன்.

மதியம் கணக்குப் பாடம். நான் நடு மேசையில் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டே, கடைசி மணிக்குப் பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எமலிங்கத்தில் சபை கூடிவிட்டது. எமன் புதிதாக மீசை போட்டிருந்தான். அவள் அவனுக்கு முன்னால் நின்றாள்.

"உங்க அண்ணன் இங்க இல்ல" என்றான் எமன். அவனுடைய பெரிய குரல் அன்றைக்குச் சின்னதாக இருந்தது.

"பின்ன எங்க?"

"எட்டு வாங்கிட்டான். பாஸாயி அடுத்த லிங்கத்துக்குப் போயிட்டான்."

"எந்த லிங்கம்?"

எமன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மலைக்கு மட்டும் என்ன தெரியும்? நான் குனிந்து, திருத்தி முடித்த சிலேட்டையே மறுபடியும் திருத்தினேன்.

"தெரியாது. நீதான் போயி பாக்கணும்" என்றான் எமன்.

நான் கோத்துவைத்த வார்த்தைகள் எதையும் அன்றைக்குச் சொல்லவில்லை. அவனுடையதைவிட நல்லதாக என்னிடம் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜட்காக்காரர் காலையிலேயே வந்து வாசற்படியில் நின்றுகொண்டார். எட்டு வராவிட்டால் அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதற்குத்தான். வார்த்தைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் பத்தையும் எழுதினாள். எச்சில் தொடவில்லை. பத்தும் சரி. சிலேட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அந்த உடம்போடு நான் ஓடியது பள்ளிக்கூடத்துக்கே விசேஷம். அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் சிலேட்டைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, குதிரையின் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இப்ப எங்க உக்காருவா?"

"நிருதிலிங்கத்துல."

"நிருதின்னா யாரு டீச்சர்?"

"நல்ல சாமிதான்" என்றேன். நிருதி ஒரு அரக்கன் என்று பல வருடம் கழித்து யாரோ சொன்னார்கள். நல்லவேளை, ஜட்காக்காரருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெண்ணை விட்டுவிட்டு, தீபத்துக்கு வந்த சனத்தை ஏற்றப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவள் எந்தத் தூணிலும் தங்கவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் போன முதல் நாள், அங்கிருக்கிற பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை வரும், பத்தும் எழுதுவாள், சிலேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். நிருதி, வருணன், வாயு. குபேரலிங்கத்தை விட்டுத் தானாகக் கிளம்பிய முதல் பிள்ளை அவள்தான். லாட்ஜ் முதலாளியின் மகன் அதிசயத்தில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். இன்ஸ்பெக்டர் வந்தபோது அவளை எழுந்து நிற்கவைத்து, இது குழுக் கற்பித்தலின் வெற்றி என்று தலைமையாசிரியர் ஒரு சொற்பொழிவே செய்தார். இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு மோர் கேட்டார்.

முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் அவள் அக்னிலிங்கத்துக்கு வந்துவிட்டாள். அதாவது வட்டம் முடிந்துவிட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் எமலிங்கம். அங்கே டீக்கடைப் பையன் அதே மீசையோடு, அதே இடத்தில் இருந்தான். வருடம் முழுக்க அவன் ஒரு முறைகூட எட்டு வாங்கவில்லை. வாங்க நினைத்தானா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வாரம் தவறாமல் என்னிடம் வந்து, "அவ இப்ப எந்த லிங்கத்துல டீச்சர் இருக்கா?" என்று கேட்பான். சொன்னால் விரல் விட்டு, இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணுவான். எண்ணும்போது முகம் சுருங்கிவிடும்.

கடைசி நாள் சிலேட்டுகளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லா லிங்கமும் பாத்துட்டேன் டீச்சர். இல்ல."

அவள் தலையில் கை வைத்தேன்.  

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள். "இருந்தாலும் போயி பாக்கணும் இல்ல?"

பிறகு எமலிங்கத்துப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதுக்கருகில் வந்து, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இல்லன்னு அவங்கிட்ட சொல்லிடாதீங்க. அழுவான்."